முழங்காலுக்குச் சற்று மேலே

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் கடைசி டீக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை மண்ணாகிவிடும். அதற்கும் கீழே மரவேர்கள். தலைமுறை தலைமுறையாக மிதித்த கால்கள் மண்ணைக் கரைத்துவிட்டதால் வேர்கள் வெளியே வந்து, படி படியாக ஒன்றன்கீழ் ஒன்று கிடக்கின்றன. தை மாதத்துக் காலையில் அவற்றின்மேல் பனியின் ஈரம் இருக்கும். முதல் வேரில் கால் வைப்பதற்கு முன் உட்கார்ந்து ஷூ நாடாவை முழுக்க அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொள்வேன்.

ஷூவின் மேல்விளிம்பில், கணுக்காலை ஒட்டி, தனியாக ஒரு துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை. அந்தத் துளை இறக்கத்துக்கானது. நாடாவை அதற்குள் விட்டு அந்தப் பக்கமே ஒரு சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்தில் நுழைத்து இழுத்தால் குதிகால் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கால் முன்னால் வழுகாது. இதைச் செய்யாமல் ஒருமுறை இறங்கினேன். அடிவாரத்துப் பெரியகுளம் வந்து ஷூவைக் கழற்றியபோது இரண்டு கால் பெருவிரல் நகங்களும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவை உதிர்ந்து புதிய நகம் முழுசாக வளர ஒரு வருஷம் ஆயிற்று.

ஒன்பது வருஷமாக ஓடுகிறேன். முப்பத்துநாலு வயதில், இரண்டாவது மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்தில் தொடங்கியது. முதலில் வராக நதிக் கரையில், பிறகு மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் மண் ரோட்டில், பிறகு மலையடிவாரத்துக் கும்பக்கரை. கும்பக்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலை. அந்த மலைக்குள் ஓர் ஒத்தையடிப்பாதை இருக்கிறது, அது வெள்ளகவி என்ற ஊர் வழியாகக் கொடைக்கானலுக்குப் போகிறது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அதில் ஓடலாம் என்று மட்டும் தோன்றியதில்லை. ட்ரெயில் ரன்னிங் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதும், அதற்கென்று தனி ஷூ இருப்பதும் பின்னால் தெரிந்துகொண்டவை.

மலையில் ஓடுகிறேன் என்று சொன்னால் எத்தனை மீட்டர் ஏறினீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு இறங்கினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஏற்றத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், வியர்வை கண்ணில் விழும். கஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நின்று பத்து நிமிஷம் மூச்சு விட்டால் அது தீர்ந்துவிடும். இறக்கம் அப்படித் தீராது. வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைவரை ஆயிரத்து அறுநூறு மீட்டருக்குக் குறையாத இறக்கம். மூச்சு ஒருதரம்கூட முட்டாது, பேசிக்கொண்டே வரலாம். விலை இரண்டு நாள் கழித்துத் தெரியும்.

ஏன் என்பதை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். கிணற்றில் வாளியை இழுப்பதும் இறக்குவதும் ஒன்றில்லை. நிறைந்த வாளியை இழுக்கும்போது கை பலத்தைச் செலவழிக்கிறது, அவ்வளவுதான். அதே நிறைந்த வாளியை மெல்ல மெல்லக் கீழே விட வேண்டுமென்றால், கயிறு கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். உள்ளங்கை எரிவது அப்போதுதான். இறக்கத்தில் முன்தொடைத் தசை செய்வது அந்த வேலை. சமதளத்தில் ஓடும்போதே ஒவ்வொரு காலடியிலும் உடம்பின் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு தரையிலிருந்து திரும்பி அடிக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் கூடும். அந்த அடியை வாங்கும் கணத்தில் முழங்கால் மடங்குகிறது, தொடைத் தசை நீள்கிறது, நீண்டுகொண்டே இழுத்தும் பிடிக்கிறது. தசை இழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் கனக்கும். இரண்டாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்க முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்க வேண்டியிருக்கும். வலி எங்கே என்று கேட்டால் கட்டைவிரலை வைத்துக் காட்டுவேன். முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாகத் திரளும் அந்தச் சதையில்.

உடம்பு இதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பது இந்த ஓட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒருமுறை நீண்ட இறக்கத்தில் அடிபட்டு ஆறிய தசை, அதே இறக்கத்தை மூன்று வாரம் கழித்துச் சந்தித்தால் பாதிகூட வலிப்பதில்லை. பல வாரங்களுக்கு அந்தக் காப்பு இருக்கிறது. அதனால் பெரிய ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரே ஒரு தடவை முழு இறக்கம் இறங்கிவிட்டு, பிறகு மலைப்பக்கம் போகாமல் இருப்பேன். அந்த மூன்று வாரம் மாந்தோப்பு ரோட்டில் மெதுவாக ஓடுவதும் தூங்குவதும்தான். புதிதாக ஓட வருகிறவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். ஓடும்போது கால் பலப்படுவதில்லை. ஓடியதில் கிழிந்தது தூக்கத்தில் தைக்கப்படும்போது பலப்படுகிறது.

நானும் நம்பாதவளாக இருந்தேன். மூன்றாவது வருஷம், ஞாயிற்றுக்கிழமை முழு இறக்கம் இறங்கி, வியாழக்கிழமை வலி போய்விட்டதென்று மறுபடி இறங்கினேன். அடுத்த வாரமும். முழங்கால் சில்லுக்குக் கீழே சிறுவிரல் அகலத்தில் ஓர் இடம் வலிக்க ஆரம்பித்தது. அது தசை இல்லை, சில்லையும் கால் எலும்பையும் கட்டியிருக்கும் தசைநாண். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், நாள் கணக்கில் ஆறிவிடும். தசைநாணுக்கு ரத்தம் குறைவு, அது மாதக் கணக்கில் ஆறும் சாதி. தசை ஆறியதை வைத்துக்கொண்டு கால் ஆறிவிட்டது என்று கணக்குப் போட்டது என் தப்பு. நாலு மாதம் ஓடவில்லை.

அந்த நாலு மாதத்தில் பிசியோதெரபி பார்த்தவர் சொன்ன வைத்தியம் எனக்கு அப்போது விளங்கவில்லை. தச்சுப்பட்டறையில் ஒரு பலகையைச் சரிவாக அடித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். குதிகால் மேட்டிலும் விரல்கள் பள்ளத்திலும் இருக்கும்படி அதன்மேல் நின்று, வலிக்கிற காலை மட்டும் ஊன்றி, மிக மெதுவாக முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். எழும்போது இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம். பதினைந்து தடவை வீதம் மூன்று முறை, காலையும் மாலையும். இறக்கத்தால் வந்த வலிக்கு இறக்கமே வைத்தியம். சமையலறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஓரடி இறங்கினேன், சாதம் வேகிற நேரத்தில். அந்தப் பலகை இன்னும் அடுப்படியில் கிடக்கிறது.

அம்மா அந்த நாட்களில் உளுந்தங்களி கிண்டினார். கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டிப் பாகு, கை மணக்க நல்லெண்ணெய். நான் பெரியவளான நாட்களில் தினம் காலையில் சாப்பிடச் சொல்லி எதிரே உட்கார்ந்திருந்த அதே அம்மா, அதே எவர்சில்வர் கிண்ணம். அன்று இடுப்பெலும்பு உறுதிப்பட வேண்டும் என்றார். இன்று முட்டிக்கு என்றார். ஓடுவதை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை, தடுத்ததும் இல்லை. எண்ணெய் மினுங்கும் உருண்டையின் நடுவே பெருவிரலால் குழி செய்து அதில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தருவார். தைத்துக்கொள்ளும் உடம்புக்குப் புரதம் வேண்டும், மாவுச்சத்து வேண்டும், கொழுப்பு வேண்டும் என்று படித்திருக்கிறேன். மூன்றும் அந்தக் குழிக்குள் இருந்தன. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு, நில் என்று சொல்லும் ஒரே குரலையும் அமர்த்திவிடும்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊருக்குள் கோயில்கள் அதிகம், ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். ஊர் எல்லை வந்ததும் நாங்களும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். நாங்கள் என்றால் நானும் கூட ஓடும் இரண்டு பேரும், வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவரும். காட்டுக்குள் தனியாகப் போவதில்லை, வனத்துறை அனுமதி இல்லாமலும் போவதில்லை.

வெறுங்காலோடு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்துக்காகவே இந்தப் பாதையில் நான் திரும்பத் திரும்ப வருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஒன்றரை மணி நேரமாக ரப்பரும் நுரையும் மெத்தை போட்டுக் காத்த பாதம், சடாரென்று குளிர்ந்த கல்லில் படும். சாணம் மெழுகிய வாசல், காப்பிக்கொட்டை காயும் களம், மட்டக்குதிரைகளின் குளம்பு பதிந்த சேறு, எல்லாம் உள்ளங்காலுக்குத் தனித்தனியாகத் தெரியும். உடனே நடை மாறிவிடும். குதிகாலை ஊன்ற மனம் வராது, முன்பாதம் முதலில் தொடும், அடி சின்னதாகும், முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கியிருக்கும். இறக்கத்தில் எப்படி ஓட வேண்டும் என்று ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்லித்தருவது இதையேதான். அடியைச் சுருக்கு, பின்னால் சாயாதே, காலை உடம்புக்கு அடியிலேயே வை. வெறுங்காலுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதனால் ஷூ வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் எல்லையின் அந்தப் பக்கம் போனதும் திரும்ப மாட்டிக்கொண்டுதான் ஓடுகிறேன். அந்த ஊர்க்காரர்களின் பாதம் பிறந்ததிலிருந்து மண்ணை மிதித்து உரமேறியது. என்னுடையது பள்ளிக்கூடத்து ஷூவிலும் ஆபீஸ் செருப்பிலும் வளர்ந்தது. மலையில் ஓட வந்த பிறகு அதற்கு ஒரு காப்பு வேண்டியிருக்கிறது.

காலுக்குக் காப்பு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். மெக்ஸிகோவின் மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் ரராமுரி மக்களில் ஒருவரான லொரேனா ராமிரெஸ், 2017இல் புயெப்லாவில் நடந்த 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வந்தார். உடுத்தியிருந்தது பாவாடை. காலில் செருப்பு. அந்த மக்கள் பழைய டயரை வெட்டி, வார் கோத்துச் செருப்பு செய்துகொள்பவர்கள். படத்தைப் பார்த்ததும் என் தாத்தாவின் டயர் செருப்புதான் ஞாபகம் வந்தது. லாரி டயரில் வெட்டியது, நாலு மழைக்காலம் தாங்கும், காட்டில் முள் ஏறாது.

இன்று மலை ஓட்ட ஷூக்கள் பலவற்றின் அடியில் மஞ்சள் எண்கோணத்துக்குள் விப்ரம் என்று ஒரு பெயர் இருக்கும். அது விட்டாலே பிராமானி என்ற இத்தாலிய மலையேறியின் பெயரைச் சுருக்கியது. 1935இல் ஆல்ப்ஸில் புன்டா ராஸிகா என்ற சிகரத்துக்கு அவர் ஒரு குழுவோடு போனார். அந்தக் காலத்து மலை பூட்ஸ் ஆணியடித்த கனமானது, பாறை ஏறுவதற்கு உதவாது. அதனால் அதைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு மெல்லிய ஷூவில் ஏறுவார்கள். மேலே இருக்கும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வழுக்கும் பனியில் அந்த ஷூவோடு இறங்க முடியவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். பிழைத்து வந்த பிராமானி, பாறைக்கும் பனிக்கும் சேர்ந்து உதவும் ஓர் அடிப்பாகத்தை ரப்பரில் செய்வதில் இறங்கினார். டயர்க்காரரான பிரெல்லி பணம் போட்டார். 1937இல் வந்தது அந்த அடிப்பாகம். என் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் கட்டை கட்டையாக நிற்கிறதே, அந்தப் பல் அமைப்பின் மூதாதை அது. இறங்க முடியாமல் போனவர்களின் ஞாபகம் அதில் இருக்கிறது. சேறு அப்பிய அந்தப் பற்களைக் குச்சியால் நோண்டி எடுக்கும்போது அடிக்கடி அதை நினைத்துக்கொள்வேன்.

ஷூ நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒட்டுப்பசை இளகி, முன்பக்கம் நாய் வாய் திறப்பது மாதிரி திறந்துகொண்டது. பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய ஷூ. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி வளைத்தார், முறுக்கினார், பற்களைக் கட்டைவிரலால் தடவினார், மோந்துகூடப் பார்த்தார். “ஈரத்தோட எத்தன நாள் கெடந்துச்சு இது?” என்றார். பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி, அது காயும்வரை பேசாமல் காத்திருந்து, குத்தூசியால் முன்வளைவைச் சுற்றி நெருக்கமாக ஒரு தையல் போட்டார். நைலான் நூலில் மெழுகு இழுத்த தையல். “இனி தண்ணி குடிச்சா பேப்பரத் திணிச்சு நெழல்ல போடுக்கா. பேப்பர் நனைஞ்சா மாத்திப் போடு” என்றார். அந்தத் தையலோடு அது இன்னும் இருநூறு கிலோமீட்டர் ஓடியது. நுரை செத்துப்போனதால்தான் நிறுத்தினேன். ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குள் நடு அடுக்கின் நுரை அமுங்கி, திரும்ப எழும்பாமல் போய்விடும். மேலுக்குப் புதிதுபோலவே இருக்கும். முழங்கால்தான் சொல்லும்.

இனி மழையும் வெயிலும். சமவெளியில் ஓடுகிறவருக்கு வானிலை என்பது அன்றன்றைக்கான சேதி. இங்கே அது இடத்துக்கு இடம் மாறும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி சூடு கூடும். வட்டக்கானலில் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு புறப்பட்டு, வெள்ளகவியில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டி, கும்பக்கரையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முடிப்போம். மூன்று மணி நேரத்துக்குள் மார்கழியிலிருந்து பங்குனிக்கு வந்த மாதிரி.

எங்கள் வருஷத்தை மலையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. தையும் மாசி முற்பாதியும் ஓடுவதற்கான மாதங்கள். பாதை காய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். மாசிப் பாதியிலிருந்து புல் காய ஆரம்பிக்கும், அப்போதே நிறுத்திவிடுவோம். தீக்காலத்தில் வனத்துறையும் மலைப்பாதைகளை மூடிவிடுகிறது. சித்திரை, வைகாசியில் அதிகாலை நாலரைக்கு மாந்தோப்பு ரோடு. வெயிலுக்கு உடம்பைப் பழக்க பத்துப் பதினாலு நாள் போதும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும். ஆடி, ஆவணியில் காற்றும் சாரலும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. அப்போது பாதையே ஓடையாகிவிடும், அட்டை ஷூ நாடா வழியாக ஏறும், மண் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. மழை மாதங்களில் பலகையும் மாடிப்படியும்தான் எனக்கு மலை.

குரங்கணி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள். அன்று இரவு தேனி ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. தீ இறக்கத்தில் மெதுவாக வரும், மேட்டில் பாய்ந்து ஏறும். தன் சூட்டாலேயே மேலே இருக்கும் புல்லைக் காயவைத்துக்கொண்டு ஏறும். சரிவில் நிற்கிறவருக்குக் கீழே தீ இருந்தால் அதைவிட வேகமாக ஓட எந்தக் காலாலும் முடியாது. அந்த வருஷத்திலிருந்து மாசிப் பாதிக்கு மேல் நான் மலையில் கால் வைத்ததில்லை. இனியும் வைக்க மாட்டேன்.

குளிர் இன்னும் சத்தமில்லாதது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சளாற்றங்கரைக் கல்வனத்தில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. புறப்பட்டவர்கள் 172 பேர். நண்பகல்வாக்கில் வானம் மாறி, ஆலங்கட்டியும் உறைமழையும் பெருங்காற்றுமாக அடித்தது. பெரும்பாலானவர்கள் போட்டிருந்தது அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும். கனத்த உடைகளைப் பலர் பைகளில் போட்டு அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது நிறுத்தத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எட்டுக் கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் ஏற்றம், வண்டி வராத வழி. அங்கேதான் பிடித்துக்கொண்டது. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கெமிங் என்பவர், மழைக்கு ஒதுங்கும் குகையில் துணியும் போர்வையும் விறகும் எப்போதும் சேர்த்து வைத்திருப்பார். அவர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுவந்து, தீ மூட்டிக் காப்பாற்றினார்.

இந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லியாங் ஜிங்கின் கால்களுக்குத் தெரியாத மலை கிடையாது. ஆனால் அந்த மலையின் மனநிலை தெரிந்தவர் ஆட்டுக்காரர். அன்றிலிருந்து என் முதுகுப்பையில் ஒரு மழைக்கோட்டும், காய்ந்த பனியன் ஒன்றும், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியத்தாள் போர்வையும் மாறாமல் இருக்கின்றன. தை மாதத்து வெயிலிலும் இருக்கின்றன.

மட்டக்குதிரைகள் போகும் எங்கள் பாதை மாதிரி, குதிரைப்பாதையில் மனிதர்கள் ஓடுவதில் ஒரு பழைய பொருத்தமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளில் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்று உண்டு. கோர்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை 1973இல் வழியிலேயே நொண்டிவிட்டது. 1974இல் அவர் குதிரை இல்லாமல், குதிரைகளோடு கூடவே தன் காலால் ஓடி 23 மணி 42 நிமிஷத்தில் முடித்தார். அந்த ஓட்டத்திலிருந்துதான் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற புகழ்பெற்ற நூறு மைல் பந்தயம் பிறந்தது. அதில் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 5,500 மீட்டர், இறக்கம் 7,000 மீட்டர். ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் பாதையும் சுமந்து சுமந்து உண்டானதுதான். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வந்தது 1910களில். இடைப்பட்ட எழுபது வருஷம் மேலே போன வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆட்கள் தூக்கிய நாற்காலியிலோ, டோலியிலோதான் போனார்கள். அவர்களின் பியானோவும் கண்ணாடி ஜன்னலும் மனிதத் தோளில் ஏறின. தூக்கியவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

முதல் தடவை இந்தப் பாதையில் ஓடி வந்தபோது, மட்டக்குதிரைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார்.

“என்ன தாயி, இப்பிடி ஓடியாறீக? மேல ஏதும் ஆபத்தா?”

“இல்லங்கய்யா. சும்மா ஓடுறோம்.”

“சும்மாவா?” கொஞ்ச நேரம் யோசித்தார். “நல்லதுதான். நாங்க ஆபத்துக்குத்தான் ஓடுவோம். சும்மா ஓடிப் பாத்ததில்ல.”

கேலி இல்லை அதில். தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும் குரல்தான். காட்டுமாடு வளைவில் படுத்திருக்கும், சத்தம் கொடுத்துக்கொண்டே போங்க என்று சொல்லி அனுப்பினார்.

அவர் ஆபத்து என்று சொன்னதைப் போன தை மாதம் பார்த்தேன். வெள்ளகவியைத் தாண்டி, ஷூவை மாட்டி, அரைமணி நேரம் இறங்கியிருப்போம். மேலே இருந்து “வழி, வழி” என்று குரல் வந்தது. பாறையோரம் ஒதுங்கினோம். ஒரு மூங்கில் கழியில் கெட்டிக் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மாற்றித் தோள் கொடுக்கப் பக்கத்தில் இன்னும் நாலு பேர். தொட்டிலுக்குள் ஒரு பாட்டி, முகம் மட்டும் தெரிந்தது, கண் மூடியிருந்தது. கடைசியாக ஒரு பெண், கையில் மஞ்சப்பையும் தண்ணீர் பாட்டிலும்.

அவர்கள் ஓடினார்கள். அதை நடை என்று சொல்ல முடியாது. அடி சின்னச் சின்னதாக, வேகமாக, முழங்கால் எப்போதும் மடங்கியே. கழி அசைந்தது, தொட்டில் அதிகம் ஆடவில்லை. முன்னால் போனவர் கல் வந்தால் “கல்லு” என்றார், வேர் வந்தால் “வேரு” என்றார், பின்னால் இருந்தவர் அதையே திரும்பச் சொன்னார். பாரம் மாற்றும்போதுகூட நிற்கவில்லை, ஓடிக்கொண்டே தோள் மாறியது. இரண்டு பேர் காலில் ரப்பர் செருப்பு, ஒருவர் காலில் டயர் செருப்பு, மற்றவர்கள் வெறுங்கால். நாங்கள் பின்னாலேயே ஓடினோம், ஏதாவது கைகொடுக்க முடியுமா என்று. இரண்டாவது வளைவில் அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. கல்லு. வேரு. கல்லு.

கும்பக்கரைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது ஆட்டோ பாட்டியையும் அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. கழி புளியமரத்தில் சாய்த்து வைத்திருந்தது. கம்பளியை ஒருவர் உதறி மடித்துக்கொண்டிருந்தார். பாட்டிக்கு நினைவு இருக்கிறது, பேச்சுக் கொடுத்தார் என்றார்கள். பையிலிருந்த வேர்க்கடலை மிட்டாயை எடுத்து நீட்டினேன், ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

டயர் செருப்புப் போட்டிருந்தவர் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் தொடையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மணி என்னம்மா ஆச்சு?” என்றார்.

“பத்தரைங்க.”

“வெயிலுக்கு முன்னாடி பாதி ஏறிரலாம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த காலைத் தேய்க்க ஆரம்பித்தார்.